குரலுக்குப் பின்னால் வந்த சத்தம்

1

இந்தக் கதை ஓர் இரவலில் தொடங்கியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு ஜெபகுமார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து என் டேப்ரெக்கார்டரைக் கேட்டார். கொடுத்தேன். அவ்வளவுதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் வரவில்லை.

முதலில் இப்படி எழுதினேன்: "1991ஆம் வருடம், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு—"

நிறுத்திவிட்டேன். இந்த வருடம் எங்கள் ஊர்ப் பெயரில் தொடங்கும் எந்த வாக்கியமும் மே மாதத்துக்குப் போய்விடுகிறது. வாசிப்பவர் மனம் அங்கே போய்விட்டால், திரும்பி என் பக்கத்து வீட்டுக்கு வருவது கஷ்டம்.

பிறகு: "பரண்மேல் ஐந்து வருடமாகக் கிடந்த அட்டைப்பெட்டி, தன்னை யாராவது—"

இதுவும் வேண்டாம். பெட்டி எதையும் நினைக்காது. நினைத்து நினைத்து மருகும் இரண்டு பேர் அந்த வீட்டில் இருக்கும்போது, மனதைப் பெட்டிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

ஆகவே பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

"அக்கா, உங்க டேப்பு ஒரு ரெண்டு வாரம் வோணும்."

"இன்னா பாட்டு கேக்கப் போறே?"

"பாட்டு எனக்கு இல்லக்கா. கம்ப்யூட்டருக்கு."

"அது பாட்டு கேட்டாத்தான் தூங்குமா?"

"பாட்டு கேட்டாத்தான் முழிக்கும்," என்றார் ஜெபகுமார். ஒரு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் கொடுத்தேன். காலையில் பாசுரம் கேட்காமல் எனக்குப் பொழுது விடியாது. பரவாயில்லை, இரண்டு வாரம் நானே பாடிக்கொள்ளலாம், பெருமாள் ராகம் பார்ப்பவர் அல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

2

இவர்கள் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

ஜெபகுமார் குவைத்தில் ஏழு வருடம் ஒரு எலக்ட்ரானிக் சாமான் கடையில் வேலை பார்த்தார். போன வருடம் சண்டை வந்தபோது, பாலைவனத்தில் பஸ்ஸிலும் கூடாரத்திலுமாக நாட்களைக் கழித்து, ஒரு தோள்பையோடு ஊர் வந்து சேர்ந்தார். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் கடையில் கூப்பிடும்போது போகிறார். அவர் மனைவி கிளியம்மாள் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தைக்கிறாள். ஒரே மகள் ஷாரோன், ஒன்பது வயது.

எண்பத்தாறில் லீவில் வந்தபோது ஜெபகுமார் கொண்டுவந்ததுதான் அந்தக் கம்ப்யூட்டர். தட்டச்சு மெஷினைச் சப்பாத்தி போல அழுத்தித் தட்டையாக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். விசைகளில் இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்து. டிவியில் ஆன்டெனா செருகும் இடத்தில் அதன் ஒயரைச் செருகினால் திரையில் எழுத்து வரும். அதற்கு வேண்டிய ப்ரோகிராம்கள் பாட்டுக் கேசட் போலவே கேசட்டில் இருக்கும். டேப்ரெக்கார்டர் பாட, இது கேட்டு வாங்கிக்கொள்ளும். கரண்டு போனால் கேட்டதெல்லாம் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும்.

"குவைத்துலேந்து ஊரே தங்கம் கொண்டாந்துச்சி. இவரு தட்டுற மெஷின் கொண்டாந்தாரு," என்பாள் கிளியம்மாள்.

அந்த லீவு மூன்று மாதமும் அவர் உட்கார்ந்து தானே ஒரு ப்ரோகிராம் எழுதினார். திரையில் தமிழ் எழுத்து ஒவ்வொரு புள்ளியாகத் தோன்றும். அ முதல் ஔ வரை. ஷாரோனுக்கு அப்போது நாலு வயது. லீவு முடிந்ததும் கம்ப்யூட்டர் பரண் ஏறியது. அவர் விமானம் ஏறினார்.

(குறிப்பு: ஊர் திரும்பி ஒரு வருடம் ஆகியும் பெட்டி ஏன் இப்போதுதான் இறங்கியது என்று கேட்பீர்கள். முதலில் அதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. மே மாதத்துக்குப் பிறகு, ஒயர் தொங்கும் எதையும் வீட்டுக்கு வெளியே கொண்டுவர எங்கள் ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை.)

இறக்கிவைத்தது ஷாரோனின் வாய். சுங்குவார்சத்திரத்தில் புதிதாக ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் வருகிறது. அதன் தாளாளர் இவர்கள் சபைக்கு வந்திருந்தபோது, கம்ப்யூட்டர் தெரிந்த வாத்தியார் தேடுவதாகச் சொல்லியிருக்கிறார். உடனே ஷாரோன், "எங்க வூட்டு கம்ப்யூட்டரு தமிழ் எழுதும்!" என்று சபை நடுவில் சொல்லிவிட்டாள். தாளாளர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரத் திங்கட்கிழமை பெற்றோர் கூட்டத்தில் கொண்டுவந்து காட்டுங்கள், சரியாக இருந்தால் வேலை உங்களுக்கு என்றார். ஜெபகுமார் ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, "சரிங்கய்யா" என்றாராம்.

அந்த ஒரு நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரதியில் அதை எழுத எனக்குத் தோன்றவில்லை.

3

டேப் கொடுத்த அன்று சாயங்காலம் நானும் பார்க்கப் போனேன். கறுப்பு வெள்ளை டிவி. திரை முழுவதும் பொரிப்பொரியாகக் கொட்டியது. வெளியே மழை, உள்ளே மழை. ஜெபகுமார் டிவியின் பின்னால் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"தேங்கா ஒடைக்கலாமா?" என்றேன்.

"எங்க வூட்ல ஜெபம்தாங்க்கா. ஒடைச்ச தேங்காய வேணா குடு, சட்னி அரைக்கறேன்," என்றாள் கிளியம்மாள்.

பொரிகள் சட்டென்று நின்றன. செம்பரம்பாக்கம் ஏரி விடிகாலையில் காற்றில்லாமல் கிடக்குமே, அப்படி ஒரு சாம்பல் வெளிச்சம் திரையில் விரிந்தது. வலது ஓரத்திலிருந்து இடது பக்கமாக அரபியில் ஒரு வரி நடந்து வந்தது. அது என்ன சொன்னது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வரவேற்பு என்று எடுத்துக்கொண்டோம். ஐந்து வருடம் இருட்டில் இருந்த ஒன்று விழித்தவுடன் வணக்கம் சொல்வதை நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

(இந்த வாக்கியம் கொஞ்சம் அதிகம். இருந்தாலும் நான் அழுதது நிஜம், அதனால் இருக்கட்டும்.)

கடையில் வாங்கிய விளையாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டார். அவசரத்தில் டேப்ரெக்கார்டரின் ஒயர் கழன்றுவிட்டது. கேசட் வெளியே கத்தத் தொடங்கியது. கீ... என்று நீட்டி, பிறகு தகரத்தில் மணல் கொட்டுவது போலக் கரகரவென்று. ஷாரோன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பயப்படாதீங்க. ப்ரோகிராமோட சத்தமே அதான்," என்றார் ஜெபகுமார்.

நான் தற்செயலாகக் கிளியம்மாளைப் பார்த்தேன். அவள் கையில் டீ தம்ளர்கள் இருந்தன. முகத்தில் ரத்தம் இல்லை.

4

மறுநாள் ஷிப்டு முடிந்து நேராக என் அடுப்படிக்கு வந்தாள். சாப்பாட்டுக் கூடையைக்கூட வீட்டில் வைக்கவில்லை.

"அக்கா, அந்தக் கத்தலுதான் ப்ரோகிராமா?"

"அப்படித்தானே சொன்னாரு."

"போச்சுக்கா. நாந்தான் அழிச்சிட்டேன்."

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் அதிகம். யாராவது விமானம் ஏறுகிறார் என்றால் ஊறுகாய், அப்பளம், ஒரு கேசட். எண்பத்தேழில், ஒரகடத்து ரத்தினம் குவைத்துக்குக் கிளம்புகிற செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைதான் இவளுக்கு வந்தது. கடை எதுவும் திறக்கவில்லை. பரணிலிருந்து கேசட்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறாள். கடையில் வாங்கியவற்றில் முதுகுப் பக்கச் சின்னத் தகடு உடைந்திருக்கும், அவற்றில் பதிய முடியாது. பதிய முடிந்தது ஒன்றே ஒன்று. அப்போது வீட்டில் இருந்து, பிறகு விற்றுவிட்ட டேப்பில் அதைப் போட்டுக் கேட்டாள். கீ என்று கத்தியது.

"ஈரத்துல கெட்டுப்போன கேசட்டுன்னு நெனச்சேன்க்கா. கெட்டதுதானேன்னு அதும்மேல பேசிக் குடுத்தனுப்ச்சேன். அவரு கையால இங்கிலீஷ்ல எழுதுன பேர ஈரம் தொட்டு நானே தேச்சி அழிச்சேன். மூணு மாசம் ஒக்காந்து எழுதினாரே..."

"அவர்கிட்ட சொல்லிடேன்."

"எப்டிக்கா சொல்றது? அந்தக் கேசட்டக் காணோம், இன்னொரு காப்பி விளையாட்டுக் கேசட்டு பின்பக்கம் ஏதோ ஒண்ணுல கீதுன்னு, நேத்து ராத்திரியே ஒண்ணொண்ணா போட்டுத் தேட ஆரமிச்சிட்டாரு. ஒண்ணும் கெடைக்கல. தேடும்போது மூஞ்சியப் பாத்தா, கொயந்த மாதிரி இருக்குது. நீயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பெருமாள் படத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தேன்.

5

அப்படி என்ன பேசி அனுப்பினாள்? கதைக்கு அது வேண்டும். நான் இப்படி எழுதினேன்: "கிளியம்மாள் அந்தக் கேசட்டில் குழந்தையைப் பேசவைத்தாள். ஷாரோன் மழலையில் அ, ஆ, இ, ஈ என்று—"

அடித்துவிட்டேன். அழிந்துபோன எழுத்தெல்லாம் குழந்தை வாயில் திரும்பி வருவது அழகுதான். அழகாக இருப்பதால்தான் சந்தேகம். அவளையே கேட்டேன்.

"இன்னா பேசினேன்? ஓடு ஒழுவுது, ஷாரோனுக்குச் சளி, ஆடு ரெண்டு குட்டி போட்ச்சி. ஏழரை பஸ்சு வர்ல. அவ்ளோதான்க்கா. இதுக்குப் போயி அத்த அழிச்சேனே."

இதற்கு மேல் ஒரு நல்ல வாக்கியம் எனக்கு எழுத வராது.

கிளியம்மாளை நான் சரியாகத்தான் எழுதுகிறேனா என்றும் ஒரு தயக்கம். வாய் ஓயாதவள். பஸ்ஸில் கண்டக்டரிடம் சண்டை போட்டுச் சில்லறை வாங்குகிறவள். அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்ல இப்படிப் பயப்படுவாளா? வாசகர் நம்புவாரா? யோசித்துப் பார்த்தேன். அவள் பயந்தது அவர் திட்டுவார் என்று அல்ல. திட்டமாட்டார் என்று.

6

வியாழக்கிழமை மத்தியானம் கொஞ்சம் சுண்டல் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. கிளியம்மாள் கம்பெனியில், ஷாரோன் பள்ளியில். ஜெபகுமார் தரையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டம் போட்ட காகிதங்கள். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில், பென்சிலால் கறுப்பாக்கிய எழுத்துகள். திரையில் 'ஊ' ஒவ்வொரு புள்ளியாக வந்துகொண்டிருந்தது. பனியில் தூரத்து வீடுகள் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றுவது போல.

என்னைப் பார்த்ததும் டிவியை அணைக்கப் பாய்ந்தார்.

"கெடச்சிருச்சா?" என்றேன்.

அவருக்குப் பொய் வரவில்லை. "இல்லக்கா. புச்சா எழுதறேன்."

"அப்ப, பின்பக்கத்துல ஒரு காப்பி..."

"காப்பியெல்லாம் எந்தக் காலத்துலயும் இல்ல. அவளுக்காக சும்மா சொன்னேன். சாயங்காலம் தேடற மாதிரி தேடறேன். பகல்ல எழுதறேன். ஞாயித்துக்கெழம கடேசி கேசட்டப் போட்டு, 'இதோ கீது பாரு'ம்பேன். அவ்ளோதான்."

"பழசு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சொன்னார்.

"ரத்தினம் அண்ணன் கொண்டாந்து குடுத்த அன்னிக்கே தெரியும். ரூம்ல ஆறு பேர். யாருக்குக் கேசட்டு வந்தாலும் எல்லாரும் ஒக்காந்து கேப்போம். அவ பேசி முடிச்சா. ஆடு குட்டி போட்டதுக்கு எல்லாரும் கை தட்டுனாங்க. அப்பறம் பின்னாடியே கீன்னு சத்தம். கெட்டுப்போன கேசட்டு, நிறுத்துடான்னாங்க. நான் வுடல. எனக்குத் தெரியுமே அது இன்னான்னு. மொத துண்டு போச்சின்னா மிச்சம் மெஷின்ல ஏறாது, அதுவும் தெரியும். ஆனா முன்னாடி அவ குரலு, பின்னாடி என் எழுத்து. ரெண்டும் ஒண்ணா கடல் தாண்டி வந்துகீதுன்னு வெச்சிக்கினு, கடேசி வரிக்கும் கேட்டேன்க்கா."

"அப்புறம்?"

"இன்னா அப்புறம்? குரல் நல்லா வுழுந்திருக்கு, அடுத்த தபா இன்னும் கொஞ்சம் பேசுன்னு எழுதிப் போட்டேன். பஸ்ஸுல வரும்போது பெட்டி படுக்க எல்லாம் வுட்டுட்டேன். அத்த மட்டும் பையில வெச்சிருந்தேன்." சட்டென்று நிமிர்ந்தார். "அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னாடம் நெனச்சி அழுவா. சத்தியமா சொல்லுங்க."

மறுபடியும் சத்தியம் செய்தேன். இம்முறை அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்த இயேசு படத்தைப் பார்த்து. வேறு வழி தெரியவில்லை.

"எழுதி முடிச்சிடுவியா?"

"'இ'தான் அடங்க மாட்டேங்குது. கட்டம் பத்தல," என்று சிரித்தார். "முடிச்சிருவேன்."

7

இப்போது உண்மையைச் சொல்கிறேன். முதல் பகுதியில் இந்தக் கதை இரவலில் தொடங்கியது என்றேன். அது அரைவாசிதான். நான் பேனாவை எடுத்தது வெள்ளிக்கிழமை. ஏனென்றால் வெள்ளிக்கிழமை மாலை கிளியம்மாள் வந்து, "நாளைக்கு நான் சுங்குவார்சத்திரம் போறேன்க்கா," என்றாள்.

"எதுக்கு?"

"தாளாளரைப் பாக்க. ப்ரோகிராமு இல்ல, நாந்தான் அழிச்சிட்டேன், அவரைக் கூப்புடாதீங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன். திங்கக்கெழம அத்தினி பேரு முன்னாடி, வெறும் மெஷினை வெச்சிக்கினு அவரு தலை குனிஞ்சி நிக்கறத நான் பாக்கணுமா?"

"திங்கட்கிழமை வரைக்கும் பொறு கிளி."

"இன்னாத்த பொறுக்கறது? கேசட்டு இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுலயும் இருக்காது."

அவள் போனால் அவருடைய வேலை போய்விடும். அவர் முடித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும். இருவருக்கும் இரண்டு சத்தியம், இரண்டு தெய்வத்தின் முன்னால். அவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்ற நினைத்து, நடுவில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

எழுத்தாளருக்கு ஒரு வசதி உண்டு. வேறு முடிவு எழுதலாம். எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ஜெபகுமார் எழுதி முடித்துவிட்டார். பதிந்துவைக்க வெற்றுக் கேசட் இல்லை. வீட்டில் இருப்பது கிளியம்மாள் குரல் இருக்கும் அந்தக் கேசட்தான். அவர் அதைக் கையில் எடுத்து—

வேண்டாம். வெற்றுக் கேசட் பஸ் ஸ்டாண்டு கடையிலேயே தொங்குகிறது. அவர் ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டார். ஒரு முடிவு நன்றாக அமைய வேண்டும் என்பதற்காக, இருக்கிற கஷ்டத்துக்கு மேல் இவர்களை இன்னும் ஏழையாக்குவது பாவம்.

இரண்டு: சனிக்கிழமை பெருமழை. பஸ் ஓடவில்லை. அவளால் போக முடியவில்லை.

இதுவும் வேண்டாம். ஐப்பசியில் இது நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் செய்ய வேண்டியதை மழையிடம் தள்ளிவிடுவதாகிவிடும்.

மூன்றாவதாக ஒன்று தோன்றியது. சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கதை எழுதமாட்டேன் என்று செய்யவில்லை. இது குறுக்கு வழி என்று எனக்குத் தெரியும். ஆண்டவனுக்கும் தெரியும். ஒரு அன்பை இன்னொரு அன்பு தெரியாமல் மிதித்துவிடக் கூடாது என்பதற்காகக் குறுக்கு வழியில் போகிறவளை அவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்பினேன்.

ஆகவே இதை நான் பத்திரிகைக்காக எழுதவில்லை. ஒருத்திக்கு, சனிக்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு முன்னால் படித்துக் காட்ட எழுதினேன்.

8

குடையோடு வந்தாள். பூ வைத்திருந்தாள். தாளாளரைப் பார்க்கப் போகிறாள் அல்லவா.

"உட்காரு கிளி. ஒரு கதை எழுதியிருக்கேன். கேட்டுட்டுப் போ."

"பஸ்சு போயிருங்க்கா."

"அடுத்த பஸ்ஸுல போ."

"நல்ல நேரம் பாத்த போ, கதை படிக்க," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். படித்தேன். தங்கம் கொண்டுவந்த வரியில் சிரித்தாள். "நான் இப்டியா பேசறேன்? கொஞ்சம் மரியாதையா எழுதக் கூடாதா?" என்றாள். நான்காம் பகுதி வந்தபோது சிரிப்பு நின்றது. ஐந்தாம் பகுதியில், அவர் திட்டமாட்டார் என்ற இடத்தில், முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். தெருமுனையில் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தாளைப் புரட்டினேன். "வியாழக்கிழமை மத்தியானம் கொஞ்சம் சுண்டல் எடுத்துக்கொண்டு..." என்று தொடங்கினேன். கதவு ஒருக்களித்திருந்தது வரை வந்தேன்.

அவள் கையை நீட்டித் தாளை மூடினாள்.

"இதுக்கப்பறம் அவரு பேசறாரா?"

தாளையே பார்த்தேன். சொல்லமாட்டேன் என்று சத்தியம்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கெட்டிக்காரி. எவ்வளவு புரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது.

"அப்ப நீ படிக்காதக்கா. அவரு பேச்ச அவரே படிக்கட்டும்."

தாள்களை என் கையிலிருந்து வாங்கி, மழைக்கு மறைவாக முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். குடையை என் வாசலிலேயே மறந்துவிட்டாள். பஸ் நிற்கும் பக்கம் போகாமல் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் நின்றது.

அந்தக் கதவு வரைக்கும்தான் என் கதை. அப்போது மழை வலுத்துவிட்டதால் உள்ளே பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன். திங்கட்கிழமை அந்தத் திரையில் 'இ' அடங்கி வந்ததா, தாளாளர் என்ன சொன்னார் என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். உங்களுக்கு அவர்களைப் பிடித்திருந்தால் நல்லதாகவே முடிப்பீர்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தத் தாள்கள் என்னிடம் திரும்பி வரவில்லை. கேட்கவும் மனமில்லை. நீங்கள் இப்போது படித்தது, நான் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதியது.